இருநூறு மீட்டர் தெரு

முப்பத்து நான்கு. விடைத்தாளின் முகப்பில் இருந்த கட்டங்களை அமலோற்பவம் டீச்சர் மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் கூட்டிவிட்டாள். எந்த வழியில் போனாலும் முப்பத்து நான்கில்தான் போய் நின்றது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். ஒன்று குறைகிறது. திருத்தும் முகாமுக்கு வந்த எந்த ஆசிரியரும் முப்பத்து நான்கில் நிற்கும் தாளை அப்படியே கட்டுக்குள் வைத்துவிட மாட்டார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போவார். எங்கேயாவது ஒரு சூத்திரம் பாதியில் கிடக்கிறதா, ஒரு வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதியிருக்கிறதா என்று, தொலைந்த தோட்டுத் திருகாணியைத் தேடுவது போலத் தேடி, ஒன்றைக் கண்டெடுத்துப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார். அவளும் தேடினாள். இரண்டு தடவை தேடினாள். கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்தாயிற்று, இரண்டு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாததையும் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது கடைசிப் பக்கத்தில் அவள் கையாலேயே சைபர் போட்ட ஒரு விடை மட்டும்தான். இருபத்திரண்டாம் கேள்வி, மின்கம்பக் கணக்கு. சித்திரை வெயில் ஜன்னல் கம்பி வழியே பெஞ்சின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முழங்காலை எப்படி வைத்தாலும் இடித்தது. மின்விசிறி சுற்றுகிற பாவனையில் சூட்டைக் கிளறிக்கொண்டிருந்தது. மணி இரண்டே முக்கால். காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள்; மதியக் கட்டில் இன்னும் ஒன்பது கிடந்தன. நேரம் போகிறது என்று தெரிந்துதான் கடைசிப் பக்கத்தை மறுபடியும் திருப்பினாள்.

இருநூறு மீட்டர் நீளமுள்ள ஒரு தெருவில் இருபது மீட்டர் இடைவெளியில் மின்கம்பங்கள் நடப்படுகின்றன எனில், தேவைப்படும் கம்பங்கள் எத்தனை. இதுதான் கேள்வி. இரண்டு மதிப்பெண். கூட்டுத் தொடர்வரிசைப் பாடத்திலிருந்து எடுத்தது. கடைசி உறுப்பிலிருந்து முதல் உறுப்பைக் கழி, பொது வித்தியாசத்தால் வகு, ஒன்றைக் கூட்டு, பதினொன்று. சூத்திரத்துக்கு ஒன்று, விடைக்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் இந்தப் பிள்ளை சூத்திரம் எழுதவில்லை. பையனா பெண்ணா என்று தெரியாது. பெயர் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, முகப்பில் ஒட்டிய ஒரு எண்தான். படுக்கையாக ஒரு கோடு இழுத்து அதன்மேல் குச்சி குச்சியாக நிறுத்தியிருந்தது. எண்ணினாள், பதினொன்று. முதல் குச்சியை மட்டும் பேனாவால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கி, ஒரு அம்புக்குறி போட்டு, ‘இந்தக் கம்பம் ஏற்கெனவே உள்ளது, இதிலிருந்துதான் தெருவுக்குள் லைன் வரும்’ என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. கீழே இருநூறை இருபதால் வகுத்து, தேவைப்படும் கம்பங்கள் பத்து என்று முடித்திருந்தது. காலையிலிருந்து பத்து என்று எழுதிய விடைகளுக்கு அவள் சைபர் போட்டுக்கொண்டுதான் வந்தாள். இதற்கும் அப்படித்தான், கை தன் பாட்டுக்குப் போட்டுவிட்டது. கூட்டல் முப்பத்து நான்கில் வந்து நின்ற பிறகுதான் அந்தப் பொடி எழுத்தையே படித்தாள். பதினொரு குச்சி வரைந்த பிள்ளைக்குப் பதினொன்று தெரியாமலா போகும். தெரிந்துதான் ஒன்றைக் கழித்திருக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி ஒன்றைக் கூட்டியவர்களுக்கு எல்லாம் அந்த ஒன்று எதற்கு என்று தெரியுமா. அவள் வகுப்பில் தெரியாது. ஏன் டீச்சர் ஒண்ணு கூட்டணும் என்று கேட்டவர்களை, கூட்டுன்னா கூட்டு என்று உட்கார வைத்தவள்தான் அவள்.

முகாம் தொடங்கிய முதல் நாள், ‘கீ’ என்கிற விடைக்குறிப்பைக் கையில் கொடுத்து வரிக்கு வரி பேசினார்கள். இவள் குழுவுக்கு முதன்மைத் தேர்வாளர் திருவேங்கடம் சார், எல்லாரும் சி.இ. என்றுதான் சொல்வார்கள். ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிற மனிதர், ஒருவரையும் அதட்ட மாட்டார், ஒன்றையும் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். இருபத்திரண்டாம் கேள்வியில் இரு முனைகளிலும் என்ற வார்த்தை இல்லையே, பத்து என்று எழுதினால் என்ன செய்வது என்று பின்பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்கள். அவள் கேட்கவில்லை, அவள் மனசிலும் அதுதான் ஓடியது, ஆனாலும் கேட்கவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எந்தப் பிள்ளை என்ன நினைத்து எழுதியது என்று பார்க்க நமக்கு நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை, பதினொன்று என்றால் பதினொன்று என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் காலை சவரிமுத்து அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டபோது, வத்தலக்குண்டு சாலையில் வரிசையாகப் போன கம்பங்களைப் பார்த்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். அவள் புருஷன் மின்வாரியத்தில் ஃபோர்மேன். முப்பது வருஷமாகக் கம்பம் நடுகிறவன். இருநூறு மீட்டருக்கு எத்தனை கம்பம் எழுதிக் கேட்பீர்கள் என்றாள். அவன் யோசிக்கவே இல்லை. பத்து என்றான். பதினொண்ணு இல்லையா என்றாள். "லைன் எங்கருந்து வருதோ அந்தக் கம்பம் அங்க நிக்கிதுல்ல, அமலு? அதையும் சேத்து எழுதுனா ஒரு கம்பம் மிச்சம் விழுந்து கெடக்கும், எவன் பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு, முன்னால் போன லாரியைத் தாண்டுவதில் கவனமாகிவிட்டான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகாம் வாசலில் இறங்கும்போது விடைக்குறிப்பு பையில் இருந்தது, பதினொன்று என்று. அன்றைக்கும் பத்துக்கு எல்லாம் சைபர்தான் போட்டாள்.

இந்தப் பிள்ளையின் வீட்டிலும் யாரோ கம்பம் ஏறுகிறவர் இருக்கலாம். அல்லது இப்போதுதான் லைன் வந்த காலனியாக இருக்கலாம். கம்பம் நடும்போது தெருவில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளையாக இருக்கலாம். சரி, எவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன, முப்பத்து நான்கு வாங்கியிருக்கிறது, அதனால்தானே உனக்கு இந்த இரக்கம் எல்லாம் சுரக்கிறது என்று அவளே அவளைக் கேட்டாள். இதே படம் எழுபது வாங்கிய தாளில் இருந்திருந்தால் அந்தப் பொடி எழுத்தைப் படித்திருப்பாயா. படித்திருக்க மாட்டேன். அப்படியானால் இந்தப் படம் சரி என்று படுவது படத்தாலா, முப்பத்து நான்காலா. இங்கே வந்து மாட்டிக்கொண்டது மனசு. படத்தால்தான் என்றால் நேற்றும் முந்தாநாளும் பத்து என்று எழுதியவர்கள் எத்தனை பேர். அதில் எத்தனை பேர் படம் போட்டிருந்தார்கள். ஒரு தாளில் ஏதோ வட்டமாக வரைந்திருந்தது ஞாபகம் வருகிறது. தெருவை வட்டமாகவா வரைவார்கள் என்று நினைத்துக்கொண்டே சுழித்தாளே, அது குளத்தைச் சுற்றிப் போகிற தெருவாக இருந்திருக்கலாம் இல்லையா, சுற்றி வருகிற தெரு என்றால் முதல் கம்பமும் கடைசிக் கம்பமும் ஒன்றுதானே, பத்துதானே வரும். அந்தக் கட்டு இந்நேரம் அரக்கு வைத்துப் போய்விட்டது. முப்பத்து நான்கால்தான் என்றால் அது இன்னும் மோசம். அப்படியானால் அவள் செய்யப் போவது நியாயம் இல்லை, பிச்சை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தாளில் நடுப்பக்கம் ஒன்றைத் திருத்தாமல் விட்டுவிட்டாள். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, கவனிக்கவில்லை. மறுகூட்டலில் ஒன்பது மதிப்பெண் ஏறியது. விளக்கம் கேட்டு வந்த கடிதத்தைப் பள்ளியில் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கணக்கு டீச்சருக்கே கூட்டத் தெரியலையாமே என்று அலுவலக உதவியாளர் வரைக்கும் போயிற்று பேச்சு. அதிலிருந்து ஒவ்வொரு தாளையும் நுனி விரலால் உரசி உரசித்தான் திருப்புகிறாள். விதியை விட்டு ஒரு இம்மி நகர்ந்தால் மறுபடியும் அந்தப் பழுப்பு உறை வரும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். பயந்தவளுக்கு வேறென்ன தோன்றும்.

டீ வந்தது. தாளில் சிந்திவிடக் கூடாது என்று தரையில் வைத்துக் குனிந்து எடுத்துக் குடித்தாள், சர்க்கரைப் பாகு. எதிர் வரிசையில் மெஹராஜ் பேகம் தலை நிமிராமல் கூட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் குழு திருத்தி முடிக்கிற தாள்களை வாங்கி, விடுபட்டது உண்டா, கூட்டல் சரியா என்று பார்க்கிற வேலை அவளுக்கு. முப்பது வயசு இருக்கும், கண் கத்தி மாதிரி. இரண்டே இரண்டு வார்த்தை, அமலோற்பவம் மறுபடியும் கேள்விக்கு வந்தாள், இரு முனைகளிலும் என்ற இரண்டு வார்த்தை இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. கேள்வி தயாரித்தவர் யாரோ. அவர் மனசில் முனையில் கம்பம் நின்றிருக்கிறது, அதனால் எழுதத் தோன்றவில்லை. தன் மனசில் இருப்பது எல்லார் மனசிலும் இருக்கிறது என்று நினைக்காத மனிதன் உண்டா. கூட்டலும் கழித்தலும் எல்லாருக்கும் ஒன்றுதான். இருநூறை இருபதால் வகுத்தால் பிள்ளைக்கும் பத்துதான், சவரிமுத்துக்கும் பத்துதான், விடைக்குறிப்புக்கும் பத்துதான். அதுவரைக்கும் ஒரு சண்டையும் கிடையாது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் எல்லாம் போய் விழுகிறது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது. இந்த இடத்துக்கு வரக் கூடாது என்றுதான் அவள் இவ்வளவு நேரமாகக் கம்பத்தையே பிடித்துக்கொண்டிருந்தாள். டீ டம்ளரை வைக்கக் குனிந்து நிமிர்வதற்குள் வந்து சேர்ந்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வேடசந்தூரில் வாடகை வீடு, முதல் வேலை, முதல் பிள்ளை வயிற்றில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டையில் நவம்பர் ஆறு என்று தேதி போட்டிருந்தார்கள். அவளுக்கு அது தப்பாகப் பட்டது. கடைசியாக வீட்டுக்குத் தூரமான நாளிலிருந்து இருநூற்று எண்பது நாள் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அது ஜனவரி முப்பது. அன்றைக்குச் சவரிமுத்து ஊரிலேயே இல்லை, ராமநாதபுரம் பக்கம் புது லைன் வேலைக்குப் போயிருந்தான், அவன் வந்து இறங்கியது பிப்ரவரி பதின்மூன்று. புருஷன் ஊரில் இல்லாத பதினான்கு நாளையும் பிள்ளைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது என்ன கணக்கு என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. நாட்காட்டித் தாளின் முதுகில் பென்சிலால் மாதம் மாதமாக எழுதி, பிப்ரவரி பதின்மூன்றிலிருந்து இருநூற்று எண்பது நாள் எண்ணி, நவம்பர் இருபது என்று கண்டுபிடித்து அடியில் இரட்டைக் கோடு போட்டாள். துல்லியமான விடை. ஆறாம் தேதி தாண்டியது. எட்டாம் தேதி கிராம நர்ஸ் வீட்டுக்கே வந்து, ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள். பதின்மூன்றாம் தேதி மறுபடியும் வந்தாள். அமலோற்பவம் அவளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நாட்காட்டித் தாளைக் காட்டி விளக்கினாள், கரும்பலகையில் விளக்குவது போல. நர்ஸ் தாளைப் பார்க்கவில்லை. "எங்களுக்கு இதெல்லாம் தெரியாது டீச்சர். நாங்க இப்பிடித்தான் எண்ணுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். படிக்காத சனம் என்று நினைத்தாள் அமலோற்பவம். நினைத்தாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த வார்த்தையையேதான் நினைத்தாள். பதினேழாம் தேதி மத்தியானம் துணி காயப்போடும்போது, காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை என்று உறைத்தது. அவள் கணக்கில் அப்போதும் மூன்று நாள் மீதி இருந்தது. பெண் குழந்தை. முடி நிறைய இருந்தது. பெயர் வைக்காமலே புதைத்தார்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. அந்த இருநூற்று எண்பதுக்குள்ளேயே அந்தப் பதினான்கு நாளும் இருக்கிறது. அவளைப் போலப் பதினான்கு நாள் தள்ளித் தொடங்கினால் இருநூற்று அறுபத்தாறுதான் எண்ண வேண்டும். தொடக்கத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டு நீளத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டாள். கம்பத்தை ஒரு முறைப்படியும் இடைவெளியை இன்னொரு முறைப்படியும் எண்ணிவிட்டாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்தால் ஒரு மதிப்பெண் குறைக்கிற தப்பு. அந்த நாட்காட்டித் தாளைப் பற்றிச் சவரிமுத்துவுக்கு இன்றுவரை தெரியாது. கடவுள் எடுத்துக்கொண்டார் என்றுதான் அவன் சொல்வான், அவளும் ஆமாம் என்பாள். அடுத்து ஒன்று தங்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் எந்தக் காரியத்திலும் இதுதான் சரி என்று நின்றது கிடையாது. கடைக்காரன் சொன்ன பாக்கியைச் சரி பார்க்காமல் வாங்கிக்கொள்வாள். வகுப்பில் புத்தகத்தின் பின்பக்க விடைக்கு மாறாக ஒரு பிள்ளைக்கு வந்தால், தானே ஒருமுறை போட்டுப் பார்த்து, பிள்ளை போட்டதுதான் சரி என்று தெரிந்தாலும், எதற்கும் புத்தகத்தில் உள்ளதை எழுதிக்கொள் என்பாள். நல்ல டீச்சர், ஒழுங்கான டீச்சர் என்று பெயர். ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. எதிரே கிடந்த தாளில் அந்த முதல் குச்சி பேனா மையில் ஊறிப்போய் மறுபக்கம் வரைக்கும் தெரிந்தது. எவ்வளவு அழுத்தி வரைந்திருக்கிறது. தான் சொல்வது புரியாமல் போய்விடுமோ என்று பயந்து பயந்து வரைந்த மாதிரி இருந்தது. யாராவது பார்ப்பார்கள் என்று நம்பித்தானே எழுதியிருக்கிறது, இது ஏற்கெனவே உள்ளது என்று. அவளுக்கு அழுகை வந்தது. முகாமில் உட்கார்ந்து அழுகிறாள் என்று யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று கைக்குட்டையால் கழுத்து வியர்வையைத் துடைப்பது போல முகத்தையும் துடைத்துக்கொண்டாள். சைபரை அடித்தாள். அடித்துவிட்டுப் பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு போட்டால், விடை சரி என்று அவள் சொல்வதாக ஆகும். அவள், தன் பெயரில், தன் கையெழுத்தில். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஒன்று போட்டால் அப்படி இல்லை. படத்துக்கு ஒன்று, முயற்சிக்கு ஒன்று, எதற்கோ ஒன்று. யாரும் கேட்க மாட்டார்கள். அதோடு ஒன்றுதானே குறைகிறது. போதுமே. ஒன்று போட்டாள். பக்கத்தில் குட்டியாகக் கையெழுத்து வைத்தாள். முகப்புக் கட்டத்தில் சைபரை ஒன்றாக்கி, மொத்தத்தில் முப்பத்தைந்து என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினாள். எழுதி முடித்ததும் முதுகை நிமிர்த்திச் சாய்ந்தாள். ஒரு உயிரைக் கரை ஏற்றிவிட்ட மாதிரி, அவ்வளவு பெரிய நிம்மதி, அந்த ஒரு நிமிஷத்துக்கு. தாளை எடுத்துப்போய் மெஹராஜின் மேஜையில் மற்றதோடு வைத்துவிட்டு வந்து, அடுத்த தாளைப் பிரித்தாள்.

அடுத்த தாளின் முதல் பக்கத்தில் இருக்கும்போதே மெஹராஜ் எழுந்து வந்துவிட்டாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "டீச்சர், இதுல ரெண்டு மார்க் கேள்வி பதினொண்ணு எழுதியிருக்கு. பத்துதான எடுக்கணும்" என்றாள். இரண்டு மதிப்பெண் பகுதியில் பத்துக் கேள்விக்கு விடை எழுதினால் போதும்; அதற்கு மேல் எழுதியிருந்தால் அதிக மதிப்பெண் வாங்கிய பத்தை வைத்துக்கொண்டு, குறைந்ததை அடித்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. இந்தப் பிள்ளை பத்து விடையை முன்னாலேயே எழுதி முடித்து, கடைசியில் நேரம் மிஞ்சியதோ, ஆசையோ, கம்பக் கணக்கைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறது. முக்கால் மணி நேரம் அந்த ஒரு விடையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அது எத்தனாவது விடை என்று எண்ணிப் பார்க்கவில்லை. மெஹராஜ் விரலால் காட்டினாள். பத்தில் நான்குக்கு இரண்டு இரண்டு, ஆறுக்கு ஒன்று ஒன்று. கம்பக் கணக்குக்கு இப்போது ஒன்று. எதை அடித்தாலும் ஒன்றுதான் போகும். சைபர் போட்டிருந்தாலும் முப்பத்து நான்கு, ஒன்று போட்டாலும் முப்பத்து நான்கு. மெஹராஜ் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள், பொடி எழுத்தைப் படித்திருக்கிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு, "இதுக்கு ரெண்டு போட்டீங்கன்னா, ஒரு ஒண்ணு அடிபட்டாலும் முப்பத்தஞ்சு நிக்கும் டீச்சர். சரிதான்னு சி.இ.கிட்ட ஒரு வார்த்தை நீங்க சொல்லிட்டா நான் அப்படியே விட்டுருவேன்" என்றாள்.

திருவேங்கடம் சாரின் மேஜை கரும்பலகைக்குக் கீழே இருந்தது. ஏழெட்டு அடி வைத்தால் போய்விடலாம். போகும்போதே வார்த்தையைத் தயார் செய்துகொண்டு போனாள்: கேள்வியில் முனை சொல்லப்படவில்லை சார், பிள்ளை தான் எப்படி எடுத்துக்கொண்டது என்று எழுதியே காட்டியிருக்கிறது சார், என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகக் கம்பம் நடுகிறவர் சார். சார் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டி, படத்தை நிதானமாகப் பார்த்தார். குச்சிகளைப் பேனா நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். படம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு நிமிர்ந்து, கோபமே இல்லாமல், "இந்த ஒண்ணு எனக்குப் புரியல டீச்சர். விடை சரின்னா ரெண்டு, தப்புன்னா சைபர். நீங்க பாத்திருக்கீங்க, நீங்க சொல்லுங்க. சரின்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா, கீழ நானும் போடுறேன்" என்றார். இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மறுப்பார், அடுத்தவர் மறுத்த பிறகு நாம் என்ன செய்வது என்று திரும்பிவிடலாம் என்றுதான் அவளுக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சரி என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சரிதான், எனக்குத் தெரியும், நிச்சயமாகத் தெரியும். இப்படித்தான் அன்றைக்கும் தெரிந்தது. நிச்சயமாக. இரட்டைக் கோடு போட்டுத் தெரிந்தது. நர்ஸ் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோதும் இப்படியேதான், இதே மாதிரி ஒரு துளி சந்தேகம் இல்லாமல் தெரிந்தது. சார் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மெஹராஜ் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று முதுகுக்குத் தெரிந்தது. மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"கீல பதினொண்ணு சார்" என்றாள்.

அவர் நீட்டிய பேனாவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சரி என்று தலையை ஆட்டி, ஒன்றை அடித்து, மேலே சைபர் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மெஹராஜ் மொத்தக் கட்டத்தைக் காட்டினாள். அமலோற்பவம் முப்பத்தைந்தை அடித்து, பக்கத்தில் 34 என்று எழுதி, எழுத்தில் முப்பத்து நான்கு என்று எழுதி, திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து அழகாக வந்தது, எப்போதும் போல. மெஹராஜ் தாளை எடுத்துக்கொண்டு போனாள். மணி மூன்றரை ஆகியிருந்தது, எட்டு தாள் மிச்சம் இருந்தது, வேகமாகப் போனால்தான் நேரத்துக்குள் முடியும். பாதியில் விட்ட தாளை எடுத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இருபத்திரண்டாம் கேள்வி. சூத்திரம், அதில் எண்கள், கடைசியில் பதினொன்று, அடியில் இரட்டைக் கோடு. படம் எதுவும் இல்லை. முழுசாக இரண்டு போட்டுவிட்டு அடுத்த விடைக்குப் போனாள்.